என் சிறுநீரகத்தோடு உனக்கு வந்தது

மகன், உனக்கு ஸலாம். நீயும் வாப்பாவும் சொந்தக்காரர்களுக்குக் கல்யாணம் சொல்ல அக்கரைப்பற்றுப் பக்கம் போயிருக்கிற இந்தப் பகல் பொழுதில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு நிக்காஹ். அதன் பிறகு நம் பக்கத்து வழக்கப்படி நீ நிந்தவூருக்கு, றிஸ்னாவின் வீட்டுக்குக் குடிபோய்விடுவாய். சாய்ந்தமருதில் இருக்கிற நமக்கும் அவர்களுக்கும் இடையில் காரைதீவு மட்டும்தான் இருக்கிறது. நினைத்தால் ஓட்டோவில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஆனாலும் பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அனுப்புகிற உம்மாவுக்குச் சொல்ல நிறைய இருக்கும். மாமா மாமியோடு மரியாதையாகக் கதை, சாப்பாட்டில் குறை சொல்லாதே என்று எல்லாரும் சொல்வதை நானும் சொல்லியிருப்பேன். இப்போது எனக்கு அதெல்லாம் வாயில் வரவில்லை. போன கிழமை கண்டி கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நீ என்னிடம் கேட்ட ஒரு காரியம் என்னை இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் பஸ்ஸில் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொன்ன பதிலும் கோபத்தில் சொன்னது. ஏன் அப்படிக் கோபப்பட்டேன் என்பதை ஆறுதலாகச் சொல்லவேண்டும். நேரில் சொன்னால் பாதியில் நீ சிரித்து, "சரி உம்மா" என்று எழும்பிப் போய்விடுவாய்.

உனக்கு இருபத்திரண்டு வயதில் கால் வீங்கத் தொடங்கியது. கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாள் முழுக்கக் குந்தி இருந்து வேலை செய்வதால் வீங்குகிறது என்று நீ சொன்னாய், நாங்களும் நம்பினோம். முகமும் வீங்கி, சாப்பிட்டது எல்லாம் வாந்தியாக வந்த பிறகுதான் இரத்தம் சோதித்தோம். இரண்டு சிறுநீரகமும் பல வருடங்களாகச் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டு வந்திருக்கின்றன என்றார்கள். கிழமையில் பாதி நாள் உன்னை மெஷினோடு இணைத்து இரத்தம் சுத்தம் செய்தார்கள். அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டும் நீ யாருடையதோ போனைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாய். தாதிமார் உன்னிடம்தான் போன் திருத்தக் கொடுப்பார்கள். நான் மட்டும் மெஷின் ஊசி ஏற்றுவதற்காக உன் கையில் புடைத்து நின்ற நரம்பைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி இருப்பேன்.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு நோய் உள்ளவரின் சிறுநீரகத்தை எடுத்துப் பொருத்தச் சரிவராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். என்னுடையது பொருந்தியது. குடும்பத்தில் சிலர் தடுத்தார்கள். அல்லாஹ் தந்த உறுப்பை எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். மௌலவியிடம் வாப்பா போய்க் கேட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றத்தானே, தாராளமாகக் கொடுக்கலாம் என்று அவர் சொன்ன பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

கண்டியில் நம்மைப் பார்த்த டொக்டரை உனக்குத் தெரியும். சிங்களப் பெண்பிள்ளை, மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில் தமிழ் பழகியவர். சத்திரசிகிச்சைக்கு முன்பு அவர் நம் மூன்று பேரையும் உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னார். எப்ஸ்டைன் பார் என்று ஒரு வைரஸ் இருக்கிறது. உலகத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் சின்ன வயதிலேயே தொற்றிவிடும். எச்சில் மூலம்தான் பரவும், பெரும்பாலும் சாதாரணச் சளி, தடிமன், காய்ச்சல்போல வந்து போய்விடும். பிறகு அது உடம்பை விட்டுப் போகாது, ஆனால் ஒரு கெடுதியும் செய்யாமல் உறங்கிக் கிடக்கும். என் இரத்தத்தில் அது தொற்றிய அடையாளம் இருந்தது. உன் இரத்தத்தில் இல்லை. சிறுநீரகத்தோடு அதுவும் உனக்கு வரக்கூடும், அப்படி வந்தால் சிலருக்குச் சிக்கல் ஆகலாம், அதனால் கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்றார். மறைத்து ஒன்றும் செய்யவில்லை, விளக்கமாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அல்லவா, வைரஸ் என்ற சொல் எனக்குப் புதிதா? ஆனால் அன்றைக்கு அந்த அறையில் எனக்கு உண்மையில் கேட்டது ஒரே ஒரு சொல்தான். பொருந்துகிறது. மற்றதெல்லாம் காதுக்கு வெளியே நின்றுவிட்டது.

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்ததும் உன்னைத்தான் கேட்டேன். சிறுநீர் போகத் தொடங்கிவிட்டது என்று தாதி சொன்னார். அதைக் கேட்டு ஒரு மனுஷி இவ்வளவு அழுவாளா என்று அவரே சிரித்தார். நீ வீடு திரும்பினாய், முகத்தில் இரத்தம் ஊறியது, கடையைத் திறந்தாய். உடம்பு என் சிறுநீரகத்தை அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கிற குளிசைகளை நீ ஒரு நேரம் தவறாமல் குடித்தாய். நான் மறந்தாலும் நீ மறக்கவில்லை. அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதே ஒழுங்குதான் பிறகு என்னைப் பயப்படுத்தியது.

ஒரு வருடம் நிறைவதற்குள் உன் கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு கட்டி வந்தது. நீ அதை எங்களிடம் சொல்லவில்லை. சேட்டின் கொலரை உயர்த்திவிட்டுக்கொண்டு திரிந்தாய். சாப்பாடு விழுங்கக் கஷ்டப்பட்டதைப் பல் வலி என்றாய். ஒரு நாள் நீ அஸர் தொழுதுவிட்டு ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பினபோது பக்கத்து அறையிலிருந்து நான் கண்டேன். கொட்டைப்பாக்கை விடப் பெரிதாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், கல்லுப்போல இருந்தது, உடம்பும் சுட்டது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டதற்கு, கொஞ்ச நாளாக என்று மட்டும் சொன்னாய். அந்தக் கொஞ்ச நாள் பல கிழமைகள் என்பது கண்டிக்குப் போய் டொக்டர் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். "உம்மா பயந்திருவாங்க, கிட்னி சரிவரல்ல எண்டு நினைப்பாங்க" என்றாய். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று வாப்பாவுக்கு மாவடிப்பள்ளி வயலில் அறுவடை. சாதாரண நெறிக்கட்டாகத்தான் இருக்கும், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்று நான்தான் அவரை மறித்துவிட்டு உன்னோடு வந்தேன். டொக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்காமல் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"அம்மா, இது சும்மா நெறிக்கட்டு இல்ல. ஒரு வகைக் கேன்சர். லிம்ஃபோமா எண்டு சொல்றது. ஒப்பரேஷனுக்கு முன்னுக்கு நாங்க ஒரு வைரஸ் பத்திக் கதைச்சமே, அதாலதான் வந்திருக்கு."

எனக்கு விளங்கவில்லை. வைரஸால் தடிமன் வரும், அம்மை வரும், டெங்கு வரும். புற்றுநோய் தொற்றுகிற நோய் அல்ல என்று எத்தனை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அதுதான் என் மண்டைக்குள் ஓடியது. டொக்டரோடு வாதாடுகிற மாதிரி நான் கேட்டேன்.

"மகனுக்கு அந்த வைரஸ் இல்ல எண்டுதானே நீங்க சென்னீங்க? அப்ப எங்கால வந்த?"

அவர் உன்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "பெரும்பாலும் கிட்னியோடதான் வந்திருக்கும் அம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அன்று எனக்குள் போகவில்லை. அறையை விட்டு வெளியே வந்து, மாடிப்படி இறங்கி, வாசல் வரைக்கும் வந்த பிறகு நீ சொன்னாய், "உம்மா, செருப்பு." குனிந்து பார்த்தால் வெறுங்கால். மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீ திரும்ப ஏறிப்போய் எடுத்து வந்து என் காலடியில் வைத்தாய். புற்றுநோய் என்று சொல்லப்பட்டது உனக்கு. செருப்பு எடுத்து வந்தவனும் நீதான். மகியங்கனை மலை வளைவுகளில் பஸ் இறங்கும்போது நீ என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாய். என் வயிற்றுத் தழும்பைச் சீலைக்கு மேலாகத் தடவிக்கொண்டே வந்தேன். பிள்ளைக்கு உயிர் கொடுத்தேன் என்று ஊர் முழுக்க என்னைப் புகழ்ந்தார்கள். கொடுத்ததற்குள் இது இருந்திருக்கிறது. எனக்கு ஒரு தலையிடிகூடத் தராமல் எனக்குள் இத்தனை வருடம் கிடந்த ஒன்று, உனக்குள் போய்க் கட்டியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மக்ரிப் தொழுதேன். எத்தனை றக்அத் தொழுதேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்பத் தொழுதேன்.

அடுத்த முறை வாப்பாவும் வந்தார். டொக்டர் மறுபடி பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். அந்த வைரஸ் இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்குள் தங்கியிருக்கும். வேறு வகை அணுக்கள் காவல்காரர்போல நின்று அதைத் தலைதூக்க விடாது. நீ குடிக்கிற குளிசைகள் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காக அந்தக் காவல்காரர்களை உறங்கவைக்கின்றன. மற்றவர்களுக்குச் சின்ன வயதிலேயே அந்த வைரஸோடு பழகிய காவல் இருக்கும். உனக்கு அந்தப் பழக்கமும் இல்லை. அதனால் வைரஸ் புகுந்த அணுக்கள் கேட்பாரில்லாமல் பெருகிவிட்டன. எல்லாருக்கும் இப்படி வருவதில்லை, சிலருக்கு வரும் என்றார். அந்தக் கட்டி அடுத்தவருக்குத் தொற்றாது என்றும் சொன்னார். அதை நான் ஊருக்கு வந்து எத்தனை பேரிடம் திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது என்பது உனக்குத் தெரியாது. உன்னைப் பார்க்க வந்த ஒருத்தி தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனாள்.

உனக்கு ஏன் அது சின்ன வயதில் தொற்றவில்லை என்றும் நான் டொக்டரிடம் கேட்டேன். நம் வீடுகளில் கல்யாணமோ கந்தூரியோ என்றால் ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, ஒரே தட்டில் கைவைத்துத் தின்பது வழக்கம். நீ மட்டும் சின்னதிலிருந்தே அதற்கு வரமாட்டாய். உன் சோற்றில் இன்னொரு கை பட்டால் எழும்பிவிடுவாய். உன் கோப்பையில் யாரும் குடிக்கக்கூடாது. ராசா வீட்டுப் பிள்ளை என்று உன்னைக் கேலி செய்வோம். அதனாலா என்று கேட்டேன். டொக்டர் சிரித்துவிட்டு, அப்படிச் சொல்ல முடியாது அம்மா, சிலருக்குத் தொற்றாமலே போய்விடும், காரணம் தேடாதீங்க என்றார். காரணம் தேடாமல் ஒரு தாயால் எப்படி இருக்க முடியும்? ஆனாலும் அவர் சொன்னதைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவம் என்று அவர் முதலில் சொன்னது குளிசையைக் குறைப்பது. குறைத்தால் காவல்காரர்கள் விழிப்பார்கள், கட்டியை அடிப்பார்கள். ஆனால் சிறுநீரகத்தையும் அடிக்கக்கூடும். வாப்பா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். நான் யோசிக்கவே இல்லை. "கிட்னி போனாப் போகட்டும் டொக்டர், புள்ளயக் காப்பாத்துங்க" என்றேன். ஒரு குளிசையை முழுதாக நிறுத்தினார்கள், மற்றதைப் பாதியாக்கினார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் நானே எடுத்து உன் கையில் தந்தேன். நீ என் முன்னாலேயே தண்ணீர் குடித்து விழுங்கினாய்.

கட்டி கரையவில்லை. காய்ச்சல் கூடியது, உடம்பு வற்றியது. மறுபடி கண்டிக்குப் போனோம். டொக்டர் இரத்தச் சோதனை முடிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கேட்டார், குறைத்த அளவைத்தானே கொடுக்கிறீர்கள் என்று. ஓம், என் கையாலேயே கொடுக்கிறேன் என்றேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இரத்தத்தில பழைய அளவு மருந்து இருக்கு அம்மா. குறையவே இல்ல."

எனக்கு முதலில் கோபம் அந்தச் சோதனையின் மேல்தான் வந்தது. மாறிப்போயிருக்கும், வேறு யாருடையதோ என்றேன். டொக்டர் உன்னைப் பார்த்தார். உன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் கேள்வி இருக்கவில்லை. மிஞ்சியிருந்த பழைய குளிசைகளைக் கடை மேசை லாச்சிக்குள் வைத்து, நான் தருவதற்கு மேலாக நீயே பழைய கணக்கு நிரப்பிக் குடித்திருக்கிறாய். கழுத்தில் கட்டி வளர வளர, அதை வளர்க்கிற மருந்தைக் கையறிந்து விழுங்கியிருக்கிறாய். புற்றுநோய் என்று கேட்டபோது வந்த அதிர்ச்சி பெரிது என்று நினைத்திருந்தேன் மகன். இது அதைவிடப் பெரிதாக இருந்தது. நோய் தானாக வந்தது. இதை நீ செய்தாய், எனக்காகச் செய்தாய்.

வெளியே நடைபாதையில் கிடந்த நீள மர வாங்கில் வந்து உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் பார்சல் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"அது உங்கட அமானிதம் உம்மா. அதப் பாழாக்கிப்போட்டு நான் உங்கட மொகத்த எப்பிடிப் பாக்கிற?"

"ஆரு மனெ சென்ன அமானிதம் எண்டு? திருப்பிக் கேக்கிற சாமானுக்குத்தான் அமானிதம் எண்டு பேரு. நான் தந்தது ஹதியா. தந்த அண்டைக்கே அது உன்ட. கெட்டாலும் உன்ட. அதுக்குக் காவலிருக்கச் செல்லி ஒன்ன நான் பெறல்ல."

நீ அழுதாய். சின்ன வயதில் அழுததற்குப் பிறகு அன்றுதான் உன் அழுகையைக் கண்டேன். டயலிசிஸ் ஊசி குத்தும்போதும் அழாதவன். என் கையைப் பிடித்து, இனிச் சரியாகக் குடிக்கிறேன் என்றாய். லாச்சிக்குள் இருந்ததை எல்லாம் ஊருக்கு வந்ததும் நீயே கொண்டுவந்து மேசையில் கொட்டினாய். வாப்பா அதைப் பார்த்துவிட்டு வீட்டு வளவுக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், இருந்தும் எழுதுகிறேன். மருந்து உண்மையாகவே குறைந்ததும் கட்டி இளகத் தொடங்கியது. அதோடு சேலைனில் ஏற்றுகிற மருந்தும் கிழமைக்கு ஒரு தடவை கொடுத்தார்கள். முதல் தடவை உடம்பு நடுங்கி, கட்டிலே ஆடியது. நான் வெளியே நின்று அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கேனில் கட்டி இல்லை என்று சொன்ன அன்று டொக்டர் என்னைக் கட்டிப்பிடித்தார். அடுத்த மாதமே பயந்தது நடந்தது. சிறுநீரகத்தை உடம்பு தாக்கத் தொடங்கியது. வேறு மருந்து கொடுத்து அடக்கினார்கள். முன்புபோல அது வேலை செய்யாது, எவ்வளவு காலம் ஓடும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சிரித்தேன். நடிப்பில்லை மகன். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அந்தச் செய்தியைக் கேட்க நீ என் பக்கத்தில் இருந்தாய்.

றிஸ்னாவைப் பேசி வந்தபோது எல்லாவற்றையும் சொல்லித்தான் பேசினோம். சொன்னால் பெண் தரமாட்டார்கள் என்று வாப்பா தயங்கினார். நான்தான் அவளுடைய உம்மாவையும் அவளையும் இருத்திவைத்துச் சொன்னேன். சிறுநீரகம், வைரஸ், கட்டி, திரும்பவும் வரக்கூடும் என்பது, காலம் முழுக்க இரத்தம் சோதிக்கவேண்டும் என்பது, எதையும் விடவில்லை. அவள் பாலர் பாடசாலை ரீச்சர். என்னென்ன சாப்பிடக்கூடாது என்று கேட்டாள். வெயிலில் திரியலாமா என்று கேட்டாள். இப்படி மருந்து குடிக்கிறவர்களுக்குத் தோலிலும் புற்றுநோய் வர வாய்ப்புக் கூட, அதனால் கைநீளச் சேட்டுப் போட்டுத்தான் வெளியில் போகவேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்துவிட்டு ஓம் என்றாள். அவசரப்பட்டு ஓம் என்றிருந்தால் நான் பயந்திருப்பேன்.

இப்போது போன கிழமைக்கு வருகிறேன். இரத்தத்தில் வைரஸின் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். கட்டி இல்லை, காய்ச்சல் இல்லை. சில வேளை தானாக ஏறித் தானாக இறங்கும், இரண்டு கிழமையில் திரும்பச் சோதிப்போம், அதுவரைக்கும் கழுத்து, கக்கம், வயிறு கவனம் என்றார். கதிரையின் கையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது எழும்பும்போதுதான் தெரிந்தது, விரல் நிமிரவில்லை. பஸ்ஸில் நீ என் பக்கம் சாய்ந்து சொன்னாய், "உம்மா, கலியாணம் முடியுமட்டும் றிஸ்னாக்குச் செல்ல வேணாம்." எவ்வளவு இலகுவாகச் சொன்னாய். கொலரை உயர்த்திவிட்டுத் திரிந்த அதே பிள்ளை, கடை லாச்சிக்குள் குளிசை ஒளித்த அதே பிள்ளை. அன்று என்னிடம் ஒளித்தாய், நாளைக்கு அவளிடம் ஒளிக்கப் போகிறாய். ஒவ்வொரு முறையும் அன்பு என்றுதான் அதற்குப் பேர் சொல்கிறாய். வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். நீ சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன் என்றேன். வாப்பா நடுவில் வந்து நின்றார். ஒரு நாள் முழுக்க நீ என்னோடு கதைக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் நீயாகவே, "வாங்க போவம்" என்றாய். நிந்தவூரில் அவர்கள் வீட்டு முன்விறாந்தையில் றிஸ்னா, அவளுடைய வாப்பா, உம்மா, நான் நாலு பேரும் இருக்க, நீ நின்றபடியே சொன்னாய். அளவு ஏறியிருப்பதைச் சொன்னாய், கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்திருந்ததையும் சொன்னாய். இரண்டாவதை நீ சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. றிஸ்னாவின் வாப்பா என்னைப் பார்த்தார். கல்யாணத்தைத் தள்ளிப்போடுவோமா என்று அவர் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அதற்கு முதல் அவள்தான் பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"நோய் வருத்தத்துக்கு நான் ஓம் எண்டுதான் சென்ன. மறைக்கிறதுக்கு ஓம் எண்டு செல்லல்ல."

அவ்வளவுதான். எழும்பி உள்ளே போய்விட்டாள். நீ தலை குனிந்து நின்றாய். கொஞ்ச நேரம் கழித்துத் தேத்தண்ணி கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள், உனக்கும் கொடுத்தாள். அடுத்த சோதனை எப்போது என்று உன்னைக் கேட்டாள். கல்யாணத்துக்கு அடுத்த கிழமை என்றாய். தானும் வருவதாகச் சொன்னாள். அவளுடைய வாப்பா அதற்குப் பிறகு கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சமையலுக்கு யாரைப் பிடித்திருக்கிறோம் என்பதைத்தான் கேட்டார்.

ஆகவே மகன், உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உடம்பில் எது புதிதாக வந்தாலும், கட்டியோ காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ தோலில் ஆறாத புண்ணோ, அதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல். மருந்தின் அளவை நீயாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நோன்பு பிடிப்பது பற்றி டொக்டர் சொல்கிறபடி நட. வயலுக்குப் போனால் தொப்பியும் கைநீளச் சேட்டும் இல்லாமல் இறங்காதே. என் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று நினைப்பதை விட்டுவிடு. அது இப்போது உன் உடம்பில் ஒரு துண்டு, உன் விரலைப்போல, உன் பல்லைப்போல. எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அந்த டொக்டர் மேசையைப் பார்த்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வைரஸ் பாடம் வருகிற தவணையில் இப்போது கரும்பலகைக்கு முன் நின்றால் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. பிறகு எழுதுகிறேன். சில வைரஸ்கள் சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்கலாம் என்று ஒரு வரி கூட்டி எழுதுகிறேன். பிள்ளைகள் எப்படி ரீச்சர் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

இந்த முறை கண்டிக்கு நான் வரவில்லை. றிஸ்னா வருகிறாள். டொக்டர் அவளுக்கும் முதலிலிருந்து விளங்கப்படுத்துவார். அவள் கேட்கிறதை எல்லாம் கேட்கட்டும், நடுவில் புகுந்து "அதெல்லாம் ஒண்டுமில்ல" என்று சொல்லாதே. நான் வீட்டில்தான் இருப்பேன். சமைத்ததை வாயில் வைக்க முடியாமல், போனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், அது உனக்கும் தெரியும். இருந்தாலும் அவசரப்படாதே. முடிவு நல்லதோ கெட்டதோ, வெளியே அந்த வாங்கில் அவளோடு இருந்து முதலில் அவளிடம் எல்லாவற்றையும் கதைத்து முடி. அதற்குப் பிறகு எனக்குப் போன் எடு.

உம்மா